பச்சை அடிப்பூச்சு

பாலம் விழுந்து ஏழு வருஷம் ஆன பிறகு, அதைப் படமாக எழுதி நகர்மன்றத்தின் பெரிய கூடத்தில் மாட்டுவது என்று முடிவானது. யாரை வைத்து எழுதுவது என்பதில்தான் இழுபறி. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் சுவரை அளந்து பார்த்துவிட்டு, "செத்தவங்க எல்லாரையும் போடணுமா, பாதிப் பேர் போதுமா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியோடு அவர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் உள்ளூர் மாடே தேவலை என்று சாயக்காரியைக் கூப்பிட்டார்கள்.

சாயக்காரி என்பது ஊர் வைத்த பேர். எந்நேரமும் அவள் விரலிடுக்கில் ஏதாவது ஒரு வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவள்தான். படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லாமல் கடைப் பலகை, லாரி முதுகு, நாடகத் திரை என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவும் அவளும் தம்பி பெண்டாட்டியுமாக மூன்று பெண்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். தம்பி அந்தப் பாலத்தோடு போனவன். போனவன் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள், மீதிப் பேர் ஒரு மாதிரி சிரிப்பார்கள்.

கூடத்தின் எதிர்ச் சுவரில் ஏற்கெனவே ஒரு பழைய படம் இருந்தது. என்றைக்கோ நடந்த ஒரு போர். நடுவில் வெள்ளைக் குதிரையில் ஜெயித்த தளபதி, தோளில் சிவப்புப் போர்வை. குதிரைக்குப் பூசிய வெள்ளை ஈய வண்ணம் இன்றைக்கும் வரம்பு கட்டியதுபோல மேடாக நிற்கிறது. தோற்றவர்கள் ஒரு படையே அந்தப் படத்தில் உண்டு. ஆனால் அவர்களுக்கு எண்ணெய் அதிகமும் வண்ணம் கம்மியுமாக, மெல்லிசாக ஒரு பழுப்பை இழுத்துவிட்டிருந்தார் அந்தக் காலத்து மனுஷர். மெல்லிய வண்ணம் வருஷம் ஆக ஆக அடியில் இருக்கும் இருட்டோடு கலந்துபோகும். இப்போது தோற்ற படை முழுவதும் ஈரம் கோத்த சுவர் மாதிரி ஒரு கறையாகிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கை, ஒரு ஈட்டி, பாதிக் காது தெரியும், அவ்வளவுதான். யார் இருக்கவேண்டியவர், யார் போகவேண்டியவர் என்பதை அந்த மனுஷர் தூரிகையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார் என்று சாயக்காரிக்குப் பள்ளியில் படிக்கிற காலத்திலிருந்தே ஒரு கோபம் உண்டு.

அதனால் தன் படத்தை அவள் வேறு மாதிரி யோசித்தாள். பாலம் விழுவதை வரையப் போவதில்லை. ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது, தண்ணீரில் மிதக்கும் உடம்பு கிடையாது. விழுவதற்கு முந்தைய ஒரு நிமிஷம், அன்றைய கட்டுமான வேலை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பாலத்தின் மேல் வீட்டுக்கு நடக்கிறார்கள். மழைக்கு முந்திய சாயங்கால வெளிச்சம். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். யார் பிழைக்கப்போகிறார், யார் போகப்போகிறார் என்பதை வண்ணம் மட்டும் சொல்லவேண்டும்.

முதலில் எல்லா முகத்தையும் சாம்பல் பச்சையில் எழுதி முடித்தாள். அதுதான் அடிப்பூச்சு. அந்தப் பச்சையில் வெள்ளை ஈயத்தைத் தாராளமாகவே கலந்திருந்தாள். எதிர்ச் சுவரில் நடந்த அநியாயம் இந்தச் சுவரில் நடக்கக் கூடாது. தூரிகையை எல்லா முகத்திலும் ஒரே வாக்கில், இடமிருந்து வலமாக, ஆறு ஓடுகிற திசையில் இழுத்தாள். மாசக்கணக்கில் அதைக் காயவிட்ட பிறகு, பிழைத்தவர்களுக்கு மட்டும் அதன் மேல் சதையின் நிறத்தைப் பூச ஆரம்பித்தாள். அவர்களுக்குத் தூரிகை கன்னத்தில் வளைந்து, தாடையில் திரும்பி, முகத்தின் போக்கில் போகும். கடைசியில் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பாள். செத்தவர்களுக்கு மேல்பூச்சும் கிடையாது, புள்ளியும் கிடையாது. பச்சை முகமும் ஆற்றுவாக்குத் தூரிகையும் அப்படியே நிற்கும்.

முகத்துக்கு அடையாளம் கேட்பதற்காகக் குடும்பம் குடும்பமாக வரவழைத்ததில், இந்த ஏற்பாடு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் வந்து தன் மனைவியின் முகத்துக்கு எதிரே நின்றார். ஏன் சீக்காளி மாதிரி இருக்கிறாள் என்று கேட்டார். சாயக்காரி விளக்கினாள். மனுஷர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முகம் அப்படியே இருக்கட்டும், ஆனால் அன்றைக்கு அவள் சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், அதையாவது சிவப்பாகப் போடலாமா என்றார். படத்திலேயே பளிச்சென்ற சிவப்பு அதுதான். பிழைத்தவர்களில் ஒரு நொண்டிக் கொத்தனார் வந்தார். தன் கன்னத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு, "எனக்கு இவ்வளவு ரத்தம் வேணாம்மா, கொஞ்சம் கம்மி பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் சண்டை போடவில்லை. ஊரே புரிந்துகொண்டது என்று சாயக்காரிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தன் வீட்டு ஆள் முறை வரும்போதுதான் கை நின்றது.

தம்பி அந்தப் பாலத்து வேலையில் மேஸ்திரி. கட்டி முடியாத பாலத்தின் மேல் ஆட்கள் கும்பலாகப் போகக் கூடாது. பத்துப் பத்துப் பேராக அனுப்ப, கரையோரமாக விசிலோடு நிற்பது அவன் பொறுப்பு. அன்றைக்கு மழை இறங்கப் பார்த்தது, எல்லோரும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். விசில் ஊதினானா, ஊதியும் ஆட்கள் நிற்கவில்லையா, ஊதாமலே விட்டானா என்று சொல்ல ஆளில்லை. நடுப்பகுதி போயிற்று. அடுத்த சில நாளில் எல்லா உடம்பும் கிடைத்தது, அவனுடையதைத் தவிர. கொஞ்ச மாசம் கழித்து ஒரு லாரி டிரைவர், தூரத்து ஊர் டீக்கடை ஒன்றில் அவனைத் தாடியோடு பார்த்ததாகச் சொன்னார். அந்த டிரைவர் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் செத்துப்போன மாமனாரையே பார்க்கிறவர். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தப்புப் பண்ணிவிட்டு ஓடிவிட்டான் மேஸ்திரி என்று பேச்சு நிலைத்துவிட்டது.

அம்மா அந்த டிரைவர் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது அவள் தொழில். பின்னிக்கொண்டே, அவன் இங்கே உட்கார்ந்திருப்பதுபோலத்தான் பேசுவாள். அவனுக்கு வெங்காயம் ஆகாது என்று ஏழு வருஷமாக அந்த வீட்டுக் குழம்பில் வெங்காயம் விழுந்ததில்லை. தம்பி பெண்டாட்டியை வீட்டில் சின்னவள் என்பார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, நாள் முழுக்க நீராவியில் நின்று படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடவேண்டும். அவளுக்கு வெங்காயம் என்றால் உயிர். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அங்கேயே பச்சையாகக் கடித்துக்கொள்வாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்துவார்கள் என்பதையும் அவள் வீட்டில் சொன்னதில்லை. சாயக்காரி தானாகத் தெரிந்துகொண்டதுதான்.

இந்த நிலைமையில் தம்பியை எந்த நிறத்தில் முடிப்பது? நகர்மன்றச் செயலாளர் ஒரு வழி சொன்னார். தடியாக ஒரு ஆளை முன்னால் நிறுத்தி, மேஸ்திரியின் முகத்தைப் பாதி மறைத்துவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டமில்லை என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஏற்கெனவே ஊரெல்லாம் அவன் ஒளிந்திருக்கிறான் என்கிறார்கள், நானும் ஒளித்துவைக்கவா என்று சாயக்காரி மறுத்துவிட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைப் பூசிக்கொண்டே போனாள். அவள் செய்த தப்பு அதுதான். காகிதத்தில் வரைகிறவன் ஒரு முகத்தைக் காலியாக விட்டு வைக்கலாம். அவள் பிடித்த முறையில் காலி என்று ஒன்று கிடையாது. தொடாமல் விட்ட முகம் பச்சையாக நிற்கும், பச்சையாக நின்றால் செத்தவன் என்று அர்த்தம்.

ஒரு நாள் அம்மா மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பிரம்பு வேலையில் முதுகு வளைந்துபோன அவள் அதுவரை அங்கே வந்ததில்லை. படத்தை ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, மகன் முன்னால் நின்றாள்.

"இவன் ஏன்டி பச்சையா இருக்கான்?"

"இன்னும் முடிக்கலைம்மா."

அம்மா நாலு முகம் தள்ளி சிவப்புத் துணியைக் காட்டினாள். "அந்த ரொட்டிக்கடைக்காரர் பொண்டாட்டி? அவளை முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானேடி இருக்காங்க."

அம்மா சாப்பாட்டுத் தூக்கைச் சாரத்துப் பலகையில் வைத்துவிட்டு, சாப்பிடு என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ரொட்டியும் பருப்பும் ஆறிக்கொண்டிருக்க, அம்மா பிடித்துக்கொண்டாள். பெற்ற வயிறு சொல்கிறது அவன் இருக்கிறான் என்று, நேரில் பார்த்தவர் சொல்கிறார், ஆற்றில்கூட அவன் கிடைக்கவில்லை, எல்லோரும் விட்டுவைத்தவனைச் சாகடிக்க நீ யார் என்று கேட்டாள். நாளைக்கு அவன் திரும்பி வந்து அந்தக் கூடத்தில் தன் முகத்தைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்றாள். அம்மா பேசும்போது கை பிரம்பை விடவே இல்லை, பின்னிக்கொண்டே இருந்தது. சாயக்காரி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள். பாதி அவளுக்கும் அதே எண்ணம்தான். தூக்கி வளர்த்த தம்பி. டீக்கடையில் தாடியோடு உட்கார்ந்திருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அவளும் பல நாள் நினைத்திருக்கிறாள்.

அப்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள். வேலையிலிருந்து வந்தவள் கால் கழுவிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அவரு உயிரோட இருக்காருன்னா, ஓடிப்போனாருன்னுதானே அர்த்தம்? ஆளுங்களை ஆத்துல விட்டுட்டு, நம்மளையும் விட்டுட்டு."

"ஓடினா ஓடட்டும்டி. உயிரோட இருந்தா போதும் எனக்கு. ஊரு காறித் துப்பட்டும், நான் துடைச்சிக்கிறேன்."

"நீங்க பெத்தவங்க, அப்படித்தான் நினைப்பீங்க. எனக்கு அப்படி நினைக்க வரலை." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "நான் அவர்கூட மூணு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவரு ஓடுற ஆள் இல்ல. செத்துட்டாருன்னு நான் நம்புறது, அவர் மேல எனக்கு இருக்கிற மரியாதை. அதை எடுத்துட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு?"

பருப்பு ஏடு கட்டிப் போயிற்று. மூன்று பேரும் பேருக்குச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

சாயக்காரி இதை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்தாள். அம்மா பக்கம் நின்றால் சின்னவள் காலம் பூராவும் ஓடிப்போனவன் பெண்டாட்டி. ஊரே வந்துபோகிற கூடத்தில், நாத்தனார் கையாலேயே எழுதி மாட்டிய தீர்ப்பு அது. சின்னவள் பக்கம் நின்றால், பெற்றவளுக்கு மகனை எரித்துக் காட்டியதுபோல ஆகும். இதில் நடுவில் நிற்க இடமில்லை. பச்சைக்கும் சதை நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறத்தைக் கலந்தும் பார்த்தாள். அது காமாலைக்காரன் முகம் மாதிரி வந்தது. வழித்து எறிந்தாள்.

திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் எண்ணெய் காய மறுத்தது, பிழைத்தவர்களின் முகமெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. கடைசியில் பெற்றவள்தான் ஜெயித்தாள். அம்மா தானே பின்னிய ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. மழையில் நனைந்து வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு ஒரு மகள் எத்தனை நேரம்தான் வேறு முகத்தைப் பூசிக்கொண்டிருப்பாள்? அன்றைக்கே தம்பிக்கு மேல்பூச்சை ஆரம்பித்தாள்.

நிறம் எதுவென்று அம்மாவைக் கேட்டுக் கேட்டுக் கலந்தாள். நல்ல சிவப்பு, கோதுமை மாதிரி இருப்பான், கன்னம் மழுமழுவென்று இருக்கும் என்றாள் அம்மா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. வீட்டில் இருந்த கல்யாணப் போட்டோவிலோ முகம் முழுக்கப் பவுடர், அதை நம்ப முடியாது. சாயக்காரி தன் ஞாபகத்தைத் தேடினாள். தம்பியின் நிறம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஊரில் அத்தனை பேர் முகத்துக்கும் நிறம் கலந்தவளுக்கு அது பெரிய அடியாக விழுந்தது. அம்மா சொன்னதைப் பூசினாள். மெத்தென்ற தூரிகையால் தடவித் தடவி, கோடு தெரியாமல் வழவழப்பாக்கினாள். கண்ணில் புள்ளி வைத்தாள். அம்மா திருப்தியோடு வீட்டுக்குப் போனாள்.

சலவைக்கூடம் விட்டு வருகிற வழியில் சின்னவள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தானை ஈரத்தைப் பிழிந்துகொண்டே படத்துக்குக் கிட்ட வந்தாள். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"யாரு அண்ணி இது?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அப்புறம் படத்தில் இருந்தவன் கையில் விசிலைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்தாள்.

சாயக்காரிக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "எனக்கு மறந்துபோச்சுடி. என் தம்பி மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. அம்மா சொன்னதைப் போட்டேன்."

"அத்தைக்குச் சின்ன வயசு மூஞ்சிதான் ஞாபகம் இருக்கு. நாளைக்கு எனக்கு லீவு. நான் வந்து சொல்றேன்."

"எதுக்கு? உனக்கு அவன் பச்சையாத்தானே இருக்கணும்?"

"ஆமா. ஆனா ஒரு தரம் சரியா பாத்துக்கிறேனே."

அன்றைக்கே சாயக்காரி பூசியதையெல்லாம் கத்தியால் வழித்து, துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தாள். பல மாசம் காய்ந்து கல்லாகியிருந்த அடிப்பூச்சு அசையவில்லை. பச்சை முகம் மறுபடி வந்தது.

மறுநாள் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. சின்னவள் அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சாயக்காரி கலந்தாள். கோதுமையாவது ஒன்றாவது, செங்கல் தூளில் கரியைக் கலந்த மாதிரி என்றாள் சின்னவள். இவள் கலந்து காட்ட, இன்னும் கொஞ்சம் கரி என்றாள். சலவைக்கூடத்தில் நாள் முழுக்கத் துணியின் கறையைப் பார்க்கிற கண்ணுக்கு அந்த அளவு சட்டென்று பிடிபட்டது.

"நெத்தியில ஒரு கோடு இருக்கும் அண்ணி. ஹெல்மெட் போடுறதுல. கோட்டுக்கு மேல வெளுப்பு, கீழ வெயில்ல காஞ்ச கருப்பு. நான் சாப்பாடு எடுத்துட்டுப் போறப்ப ஹெல்மெட்டைக் கழட்டினா ரெண்டு ஆளோட மூஞ்சியை ஒட்ட வச்ச மாதிரி இருக்கும். நான் சிரிப்பேன்."

சாயக்காரி கோட்டை வைத்தாள். வைத்ததும் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. மெத்தென்ற தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைப் பலகைக்கு எடுக்கும் முரட்டுத் தூரிகையை எடுத்தாள். கன்னத்தில் வழவழப்பு ஏது? சிமெண்டுத் தூசி படிந்து படிந்து சாம்பல் பூத்த தோல். சின்னச் சின்ன வெட்டாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைத்துக்கொண்டே போனாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்காது, தூசியில் மஞ்சளித்து ஓரம் சிவந்திருக்கும் என்றாள் சின்னவள். உதடு பீடியில் கறுத்திருக்கும், எத்தனை சொல்லியும் விடமாட்டார் என்று சொல்லும்போது அவள் குரல் லேசாகத் தட்டியது. சாயக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும்.

புள்ளியை வைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தாள். அவள் வாழ்நாளில் எழுதிய முகங்களில் அதற்கு ஈடாக ஒன்று இல்லை. பாலத்தின் ஓரத்தில் விசிலைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் தாண்டிப் போகிற கூட்டத்தைப் பதற்றத்தோடு எண்ணிக்கொண்டிருந்தான் அவள் தம்பி. நெற்றி வெளுத்து, முகம் கறுத்து, எந்நேரமும் யாரையாவது அதட்டுவதற்கு வாயைத் திறக்கிற ஆள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "அத்தையைக் கூட்டிட்டு வரேன்" என்று போனாள்.

அம்மா வந்தபோது வெயில் ஜன்னல் வழியாகப் படத்தின் கீழ்ப்பாதியில் விழுந்திருந்தது. வழியில் சின்னவள் என்ன சொன்னாளோ தெரியாது, அம்மா எதுவும் கேட்காமல் நேராக மகனிடம் வந்தாள். வந்து நின்றவள் நெற்றிக் கோட்டைப் பார்த்தாள்.

"இந்தக் கோடு எனக்குத் தெரியாதே."

"வீட்டுக்கு வரும்போது குளிச்சுத் தலையைச் சீவிக்கிட்டு வருவாரு அத்தை. முடி வந்து மறைச்சிடும்."

அம்மா அவனைப் பார்த்தாள், அவன் பார்க்கிற கூட்டத்தைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். ரொட்டிக்கடைக்காரர் மனைவியின் சிவப்புத் துணி அவன் கைக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. மகனை இத்தனை உயிரோடு பார்த்த பிறகு அம்மா விட்டுக்கொடுக்கப் போவதில்லை, சாயக்காரிக்குமே விட மனமில்லை. இந்த முகம் இருக்கட்டும், நான் எழுதியதில் இதுதான் முகம், சின்னவள் பொறுத்துக்கொள்வாள், ஏழு வருஷம் பொறுத்தவள்தானே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா சின்னவளின் பக்கம் திரும்பினாள்.

"இப்படி ஒரு மூஞ்சியை வச்சிக்கிட்டு இவன் எங்கடி ஓடியிருப்பான்?"

சின்னவள் மாமியாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுங்களைப் பிடிச்சு இழுக்கத்தான் போயிருப்பான்." அம்மா சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு மகளிடம் சொன்னாள், "துடைச்சிடு."

"அம்மா, இரு. அவசரமில்ல. நல்லா யோசிச்சு..."

"அந்த ரொட்டிக்கடைக்காரர்கிட்ட யோசிக்கச் சொன்னியா நீ? ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், நம்ம வீட்டுக்கு ஒரு சட்டமா? துடைடி."

சாயக்காரி துணியை எடுத்தாள். டர்பன்டைன் புட்டியைத் திறக்கும்போது மூடி கைதவறி உருண்டு போயிற்று. இதே துணியால் எத்தனையோ தப்பான கன்னத்தை, கோணிய மூக்கை அவள் துடைத்திருக்கிறாள், ஒரு யோசனையும் இல்லாமல். இது தப்பான முகம் இல்லை. நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். கோடு முதலில் போயிற்று, பிறகு சாம்பல் பூத்த கன்னம், பீடியில் கறுத்த உதடு. துணியில் அவன் நிறம் ஏறிக்கொண்டே வந்தது. ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக நிற்கவைத்து, இது பச்சை, இதற்கு இன்ன அர்த்தம் என்று தான் எவ்வளவு சுலபமாக விளக்கிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண் மறைத்ததால் இரண்டு தரம் நிறுத்திப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

கண்ணுக்கு வந்ததும் தயங்கினாள்.

"அந்த வெள்ளைப் புள்ளியும்தான்" என்றாள் சின்னவள். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. குரல் மட்டும் கலங்கவில்லை.

துணியின் நுனியைத் திரித்து அதையும் எடுத்தாள். பச்சை முகம் நின்றது, தூரிகைக் கோடுகள் எல்லாம் ஆற்றுவாக்கில். வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். டர்பன்டைன் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"தொட்டுப் பாக்கலாமா?" என்று அம்மா கேட்டாள்.

சாயக்காரி பழக்கதோஷத்தில் கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் நிற்கிற நொண்டிக் கொத்தனாரைத் தொட முடியாது, மேல்பூச்சு ஈரம், அழிந்துவிடும். பிழைத்தவர்கள் ஒருவரையும் இன்னும் பல நாளைக்குத் தொட முடியாது.

"இவனைத் தொடலாம்மா" என்றாள். "இவன் காஞ்சிட்டான்."

அம்மா முக்காலியின் மேல் ஏறினாள். சின்னவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிரம்பு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையை விரித்து அம்மா மகனின் கன்னத்தில் வைத்தாள், நெற்றியில் வைத்தாள், தாடையைப் பிடித்தாள். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அவ்வளவு வருஷமும் அழாதவள் அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.